ஒரு மில்லிமீட்டர் புழுவுக்கு எதற்கு மருத்துவ நோபல்?

2024ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்குன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது. எதற்காக என்று தேடிப் படித்தவர்களுக்குக் குழப்பம்தான் மிஞ்சியிருக்கும். அவர்கள் எந்த நோயையும் குணமாக்கவில்லை, எந்த மருந்தையும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழு ஒன்று வளர வேண்டிய வரிசையில் வளராமல் ஏன் தடுமாறுகிறது என்று பார்த்தார்கள். 1993இல் விடையைச் சொன்னார்கள்.

இது விதிவிலக்கும் இல்லை. 1995இல் ஈயின் கருவை ஆராய்ந்தவர்களுக்கு, 2002இல் இதே புழுவை ஆராய்ந்தவர்களுக்கு, 2006இல் மறுபடியும் இதே புழு, 2007இல் சுண்டெலி என்று மருத்துவ நோபல் மனிதனை விட்டுவிட்டு வேறு விலங்குகளின் பின்னால் போனது பலமுறை நடந்திருக்கிறது. "ஈக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, ஒரு கருவிலிருந்து உடல் எப்படி உருவாகிறது என்ற இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

## புதிர் எங்கே இருக்கிறது?

கருவுற்ற முட்டை ஒரே ஒரு செல். அது இரண்டாகி, நான்காகி, எட்டாகிப் பெருகுகிறது. பெருகுவது மட்டும் என்றால் கடைசியில் ஒரு செல் உருண்டைதான் மிஞ்ச வேண்டும். ஆனால் தலை ஒரு முனையில், வால் மறுமுனையில், முதுகு மேலே, வயிறு கீழே என்று ஒழுங்கோடு ஒரு உடல் வருகிறது. எந்தச் செல் கண்ணாக வேண்டும், எது கல்லீரலாக வேண்டும் என்று யார் சொல்வது?

கண்ணாகும் செல்லுக்குக் கண்ணுக்கான மரபணுக்கள் மட்டும் கிடைக்கின்றனவோ என்று ஒரு காலத்தில் சந்தேகம் இருந்தது. ஜான் கர்டன் 1962இல் அதைத் தீர்த்துவைத்தார். தலைப்பிரட்டை ஒன்றின் குடல் செல்லிலிருந்து உட்கருவை எடுத்து, சொந்த உட்கரு செயலிழக்கச் செய்யப்பட்ட ஒரு தவளை முட்டைக்குள் வைத்தார். அதிலிருந்து முழுத் தலைப்பிரட்டை வளர்ந்தது. அதாவது குடலாகிவிட்ட செல்லிலும் முழு உடலுக்கான மரபணுக்களும் அப்படியே இருக்கின்றன. எல்லாச் செல்லிலும் ஒரே புத்தகம்தான். எந்தச் செல் எந்தப் பக்கத்தை எப்போது படிக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

மரபணுக்களின் எண்ணிக்கையும் உதவிக்கு வராது. புரதம் உருவாக்கும் மரபணுக்கள் மனிதனுக்குச் சுமார் 20,000. அந்த ஒரு மில்லிமீட்டர் புழுவுக்கும் கிட்டத்தட்ட அதே 20,000. இனப்பெருக்கச் செல்களைக் கழித்தால் புழுவின் உடலில் இருப்பது 959 செல்கள் மட்டுமே. மனித உடலிலோ பல லட்சம் கோடி. ஆக, விடை மரபணுப் பட்டியலில் இல்லை. அவை ஒன்றையொன்று முடுக்கியும் அடக்கியும் நடத்தும் வேலையில் இருக்கிறது.

## மாதிரி உயிரி: எதற்கு மாதிரி?

பல ஆய்வகங்கள் பல தலைமுறைகளாக வளர்த்து, ஆராய்ந்து, கருவிகளும் தரவுகளும் குவித்து வைத்திருக்கும் உயிரினத்தை மாதிரி உயிரி என்கிறார்கள். பெயர் கொஞ்சம் ஏமாற்றும். மனிதனின் சிறு நகல் என்று அதற்குப் பொருள் இல்லை. இவை தேர்வானதற்குக் காரணம் பெரும்பாலும் வசதி: இடம் குறைவு, செலவு குறைவு, தலைமுறை சீக்கிரம்.

1. பழ ஈ. பத்து நாளில் ஒரு தலைமுறை. முட்டையிட்ட ஒரே நாளில் கரு முழுமையாகிப் புழு வெளியே வந்துவிடும். தாமஸ் ஹன்ட் மார்கன் 1910இல் வெள்ளைக் கண் ஈயைக் கண்டது முதல் நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்த அறிவு இதன் பின்னால் இருக்கிறது.

2. உருளைப்புழு. சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்பது முழுப்பெயர். உடல் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும். ஒரே புழுவே ஆணும் பெண்ணுமாக இருந்து தன்னைத்தானே கருவுறச் செய்துகொள்ளும். மரபியல் செய்பவருக்கு இதைவிட வசதி கிடையாது. ஏன் என்பது அடுத்த பகுதியில் விளங்கும்.

3. வரிக்குதிரை மீன். முதுகெலும்பு உள்ளது. முட்டை தாயின் உடலுக்கு வெளியே வளர்கிறது, அதுவும் ஊடுருவித் தெரிகிறது. ஒரே நாளில் இதயம் துடிக்கத் தொடங்குவதை நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்க்கலாம். மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு இந்த மீனில் இணை இருக்கிறது.

4. சுண்டெலி. பாலூட்டி, அதனால் நமக்கு நெருக்கம். ஆனால் கரு தாயின் வயிற்றுக்குள் மூன்று வாரம் இருப்பதால் பார்ப்பது கடினம். குறிப்பிட்ட ஒரு மரபணுவை மட்டும் செயலிழக்கச் செய்த சுண்டெலிகளை 1989 முதல் உருவாக்க முடிகிறது.

கோழிக்கருவும் தவளைக்கருவும் இந்தக் குடும்பத்தில்தான் சேரும். அவற்றில் மரபியலைவிட வெட்டி ஒட்டும் சோதனைகளே அதிகம். முட்டை பெரிது, கைக்கு எட்டும்.

## கெடுத்துப் பார்ப்பது

வீட்டில் எந்த ஃப்யூஸ் எந்த அறைக்கு என்று தெரியவில்லை. என்ன செய்வோம்? ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எந்த அறை இருளுகிறது என்று பார்ப்போம். வளர்ச்சி மரபியலின் அடிப்படை இதுதான். மரபணுவில் நேரும் மாற்றத்துக்குச் சடுதிமாற்றம் என்று பெயர். சடுதிமாற்றத்தால் ஒரு மரபணு கெட்டுப்போனால் உடலில் எது குறைகிறது என்று பார்த்து, அந்த மரபணு நல்ல நிலையில் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று ஊகிக்கிறோம். நலமாக இருக்கும் கருவை எத்தனை மணிநேரம் உற்றுப் பார்த்தாலும் இந்தத் தகவல் கிடைக்காது. மனிதக் கருவில் இப்படிக் கெடுத்துப் பார்க்கவும் கூடாது. ஈயும் புழுவும் தேவைப்படுவது இந்த ஓர் இடத்துக்காகத்தான்.

இதில் பெயர்களால் வரும் குழப்பம் ஒன்று இருக்கிறது. ஈ ஆய்வாளர்கள் மரபணுவுக்கு அது கெட்டால் வரும் குறையை வைத்தே பெயரிடுவார்கள். 'இறக்கையில்லாதது' என்று பெயருள்ள மரபணுதான் இறக்கை உருவாகத் தேவைப்படுவது. 'கண்ணில்லாதது' என்பதுதான் கண்ணை உருவாக்குவது. செய்திகளில் 'இந்த நோய்க்கான மரபணு கண்டுபிடிப்பு' என்று வரும்போதும் இதே தலைகீழ்ப் பொருள்தான். நோயை உண்டாக்குவதற்காக எந்த மரபணுவும் உடலில் உட்கார்ந்திருப்பதில்லை; பெரும்பாலும் அதன் உண்மையான வேலை தடைபட்டதால்தான் நோய் வருகிறது.

இந்த வழியைப் பெரிய அளவில் கையாண்டு வளர்ச்சி உயிரியலின் திசையையே மாற்றியவர்கள் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட், எரிக் வீஷாவுஸ் இருவரும். ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில், ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் செய்த வேலை. கிட்டத்தட்ட இப்படி:

1. ஆண் ஈக்களுக்குச் சர்க்கரைத் தண்ணீரில் சடுதிமாற்றம் உண்டாக்கும் வேதிப்பொருளைக் கலந்து கொடுத்தார்கள். ஒவ்வொரு விந்தணுவிலும் ஏதேதோ மரபணுக்கள் கெடுகின்றன. எது என்று முன்கூட்டித் தெரியாது.

2. ஒவ்வொரு மரபணுவும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு பிரதியாக இருக்கும். ஒன்று கெட்டாலும் மற்றது சமாளித்துவிடும். அதனால் ஒவ்வொரு ஈயிலிருந்தும் ஒரு தனிக் குடும்பத்தை உருவாக்கி, உடன்பிறந்தவற்றுக்குள் இணைசேர வைத்தார்கள். அப்போது பிறப்பதில் கால்பங்குக்கு இரண்டு பிரதியும் கெட்டிருக்கும். (உருளைப்புழுவில் இந்தச் சிரமம் இல்லை. தன்னைத்தானே கருவுறச் செய்துகொள்வதால் அடுத்த தலைமுறையிலேயே இது தானாக நடக்கும்.)

3. பொரியாமல் இறந்த கருக்களின் தோலை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஈப்புழுவின் உடல் அடுத்தடுத்த வளையங்கள் போன்ற பகுதிகளாக, அதாவது கண்டங்களாகப் பிரிந்திருக்கும். அதன் தோலில் கண்டத்துக்கு ஒரு பட்டையாக நுண்முட்கள் வரிசையாக இருக்கும். அந்த வரிசை எப்படிக் குலைந்திருக்கிறது என்பதே தடயம்.

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே மாதிரியைச் சேர்ந்து பார்க்க உதவும் இரட்டை நுண்ணோக்கியில், ஆயிரக்கணக்கான குடும்பங்களை இப்படிப் பார்த்தார்கள். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமலே எல்லாவற்றையும் தேடும் வேலை இது. ஆராய்ச்சிக்கு நிதி கேட்கும் விண்ணப்பத்தில் இன்று இதை எழுதினால் எத்தனை பேர் ஒப்புதல் தருவார்கள் என்பது சந்தேகம்தான்.

1980இல் வந்த முதல் கட்டுரையில் 15 மரபணுக்கள். அவை மூன்று வகையாகப் பிரிந்தன. முதல் வகை கெட்டால் அடுத்தடுத்த பல கண்டங்கள் கூட்டமாகக் காணாமல் போகும். இரண்டாம் வகை கெட்டால் ஒன்றுவிட்டு ஒரு கண்டம் போகும். மூன்றாம் வகை கெட்டால் கண்டங்களின் எண்ணிக்கை சரியாக இருக்கும், ஆனால் ஒவ்வொன்றிலும் பாதிப்பகுதி கெட்டு, மறுபாதியே திருப்பிப்போட்டதுபோல அந்த இடத்தை நிரப்பும்.

இந்த மூன்று வகையே ஒரு கதையைச் சொல்கிறது. கரு தன்னை ஒரே வீச்சில் வரைந்துகொள்வதில்லை. முதலில் அகலமான பகுதிகள், அப்புறம் அவற்றுக்குள் பட்டைகள், அப்புறம் ஒவ்வொரு பட்டைக்கும் முன்பக்கம் பின்பக்கம். இந்த வரிசை வெறும் ஊகம் இல்லை. முதல் வகையைக் கெடுத்தால் இரண்டாம் வகை மரபணு செயல்படும் பட்டைகள் குலைகின்றன. இரண்டாம் வகையைக் கெடுத்தால் முதல் வகைக்குப் பொதுவாக ஒன்றும் ஆவதில்லை. யார் மேலே, யார் கீழே என்பது அதிலிருந்து தெரிகிறது.

முதல் வகைக்கே 'எங்கே' என்று சொல்வது யார்? தாய். பைகாய்டு என்ற மரபணுவின் செய்தி ஆர்என்ஏவை (புரதம் உருவாக்குவதற்காக மரபணுவிலிருந்து எடுக்கப்படும் நகல்) தாய் ஈ முட்டையின் முன்முனையில் வைத்துவிடுகிறது. அங்கிருந்து உருவாகும் புரதம் பின்பக்கம் போகப் போகக் குறைகிறது. 1988இல் இது காட்டப்பட்டது. எவ்வளவு புரதம் இருக்கிறது என்பதே 'நீ எங்கே இருக்கிறாய்' என்பதற்கான பதில். தாயிடம் இந்த மரபணு இல்லாவிட்டால் கருவுக்குத் தலையும் மார்பும் வராது. முன்னாலும் வால்நுனி உறுப்பே வரும்.

## ஈயிலிருந்து நமக்கு எப்படித் தாவுவது?

இதெல்லாம் ஈயின் சொந்த விவகாரம் என்றுதான் 1980களின் தொடக்கம்வரை பலர் நினைத்தார்கள். எண்ணம் மாறியது இன்னொரு வகை மரபணுக்களால். அவை கெட்டால் உறுப்பு காணாமல் போகாது, இடம் மாறி வரும். உணர்கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் கால் முளைத்த ஈ உண்டு. எட்வர்ட் லூயிஸ் சில சடுதிமாற்றங்களைச் சேர்த்து, இரண்டு இறக்கைக்குப் பதில் நான்கு இறக்கையுள்ள ஈயை உருவாக்கினார்.

இந்த மரபணுக்களில் 180 டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள ஒரு பகுதி பொதுவாக இருப்பது 1984இல் தெரியவந்தது. அதற்கு ஹோமியோபாக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அடுத்து தவளையிலும் சுண்டெலியிலும் மனிதனிலும் தேடினார்கள். இருந்தது. அதுமட்டும் இல்லை, உடலின் முன்பகுதியைக் கவனிக்கும் மரபணு ஒரு முனையிலும் பின்பகுதியைக் கவனிப்பது மறுமுனையிலுமாக, குரோமோசோமில் அவை இருந்த வரிசையும் ஒன்றாக இருந்தது. ஹாக்ஸ் எனப்படும் இந்த மரபணுக்கள் ஈயிடம் 8. சுண்டெலியிடமும் நம்மிடமும் நான்கு தொகுப்புகளாக 39.

எழுத்து ஒத்துப்போனால் போதுமா, வேலையும் ஒத்துப்போகிறதா? 2003இல் வந்த ஒரு சோதனை நல்ல விடை. சுண்டெலியின் பத்தாம் ஹாக்ஸ் மரபணுவுக்கு மூன்று இணைப்பிரதிகள் உண்டு. மூன்றையும் முடக்கியபோது, இடுப்பு முதுகெலும்புகளிலும் விலா எலும்புகள் முளைத்தன. 'இங்கே விலா வேண்டாம்' என்று சொல்லிக்கொண்டிருந்த குரல் நின்றுபோனது. 'இந்தக் கண்டம் எந்தக் கண்டம்' என்று முடிவுசெய்யும் அதே வேலைதான் இங்கேயும்.

இன்னும் வியப்பானது 1995இல் வால்டர் கெரிங்கின் ஆய்வகத்தில் நடந்தது. ஈயின் 'கண்ணில்லாதது' மரபணுவுக்குச் சுண்டெலியில் உள்ள இணை பாக்ஸ்6. மனிதனில் இதே மரபணுவின் ஒரு பிரதி கெட்டால் கருவிழிப்படலம் இல்லாமல் குழந்தை பிறக்கிறது. சுண்டெலியின் இந்த மரபணுவை ஈயின் கால், இறக்கை ஆகியவற்றில் செயல்படச் செய்தார்கள். அங்கே கண் முளைத்தது. முளைத்தது ஈயின் கூட்டுக்கண், சுண்டெலியின் கண் இல்லை. 'இங்கே ஒரு கண் வரட்டும்' என்ற ஆணை 50 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகப் பிரிந்து வாழும் இரண்டு விலங்குகளுக்கும் பொதுவானது. எந்த மாதிரிக் கண் என்பதை ஆணையைக் கேட்பவர் பார்த்துக்கொள்கிறார்.

இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஈயில் கற்றது எந்த மட்டத்தில் நமக்குப் பொருந்தும், எந்த மட்டத்தில் பொருந்தாது என்ற கோடு இங்கேதான் ஓடுகிறது.

## ஒரு முள்ளெலியின் பயணம்

பொதுவாகச் சொன்னதை ஒரே மரபணுவின் கதையில் பார்த்தால் தெளிவாகும்.

ஹைடல்பர்க் பட்டியலின் 15 பேரில் ஒன்று ஹெட்ஜ்ஹாக். அது கெட்ட கருவின் தோலில் இடைவெளியே இல்லாமல் முட்கள் அடர்ந்திருந்ததால் முள்ளெலி என்று பெயர். 1993இல் இதன் இணைகள் முதுகெலும்பிகளில் கிடைத்தன. இரண்டுக்கு உண்மையான முள்ளெலி இனங்களின் பெயரை வைத்துவிட்டு, மூன்றாவதற்கு வீடியோ கேம் பாத்திரமான சோனிக்கின் பெயரை வைத்தார்கள். சோனிக் ஹெட்ஜ்ஹாக். ஆய்வகத்தில் இது நல்ல நகைச்சுவை. பாதிக்கப்பட்ட குழந்தையின் பெற்றோரிடம் ஒரு மருத்துவர் இந்தப் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அன்று யாரும் யோசிக்கவில்லை போலிருக்கிறது.

பெயர் இருக்கட்டும், வேலை என்ன? இந்தப் புரதம் ஒரு செல்லிலிருந்து வெளியேறி அக்கம்பக்கத்துச் செல்களுக்குச் சேதி சொல்கிறது. கோழிக்கருவில் சிறகு அரும்பின் பின்விளிம்புத் திசுவை எடுத்து முன்விளிம்பில் ஒட்டினால் விரல்கள் கண்ணாடிப் பிம்பம்போல இரட்டிக்கும் என்பது 1960களிலேயே தெரியும். அந்தத் திசு அனுப்பும் சேதி எது என்பதுதான் தெரியாமல் இருந்தது. 1993இல் தெரிந்தது: சோனிக் ஹெட்ஜ்ஹாக். சுண்டுவிரல் பக்கம் இது அதிகம், கட்டைவிரல் பக்கம் இல்லை.

1996இல் சுண்டெலியில் இந்த மரபணுவை முழுவதுமாக முடக்கினார்கள். கருவின் முகத்தில் நடுவே ஒற்றைக் கண் அமைப்புதான் இருந்தது, முன்மூளை இரண்டு பாதியாகப் பிரியவில்லை. அதே ஆண்டு, முன்மூளை சரியாகப் பிரியாமல் பிறக்கும் மனிதக் குழந்தைகள் சிலரிடம் இதே மரபணுவில் சடுதிமாற்றம் இருப்பது காட்டப்பட்டது. மூளையின் கீழ் நடுக்கோட்டில் இருந்து வரும் இந்தச் சேதிதான், முதலில் ஒன்றாக இருக்கும் கண் பகுதியை இடம் வலமாகப் பிரிக்கிறது.

இங்கே கதைக்குள் ஆட்டுக்குட்டிகள் வருகின்றன. 1950களில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் சில மந்தைகளில் ஒற்றைக் கண்ணோடு குட்டிகள் பிறந்தன. கர்ப்பத்தின் பதினான்காம் நாள் வாக்கில் தாய் ஆடுகள் மேய்ந்த ஒரு காட்டுச்செடிதான் காரணம் என்று வேளாண்துறை ஆய்வாளர்கள் கண்டார்கள். செடியில் இருந்த பொருளுக்கு, ஒற்றைக்கண் அரக்கனின் கிரேக்கப் பெயரை ஒட்டி சைக்ளோபமின் என்று பெயர். அது உடலில் என்ன செய்கிறது என்று பல பத்தாண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. மரபணு கெட்ட சுண்டெலியும் செடி தின்ற ஆட்டின் குட்டியும் ஒரே மாதிரி இருந்ததைக் கவனித்தவர்கள், 1998இல் முடிச்சை அவிழ்த்தார்கள். சைக்ளோபமின் ஹெட்ஜ்ஹாக் சேதியைச் செல் கேட்கவிடாமல் தடுக்கிறது.

அப்புறம் புற்றுநோய். ஹெட்ஜ்ஹாக் சேதி வராதபோது செல்லை அடக்கிவைத்திருப்பது பேட்ச்டு என்ற மரபணு. அதுவும் ஹைடல்பர்க் பட்டியலில் இருந்ததுதான். பரம்பரையாகத் தோலில் அடித்தளச் செல் புற்றுநோய் பல இடங்களில் வரும் குடும்பங்களில் இந்த மரபணுதான் கெட்டிருக்கிறது என்று 1996இல் தெரிந்தது. சேதியே இல்லாமல் 'பெருகு, பெருகு' என்று செல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அப்படியானால் சைக்ளோபமின் போல அந்தச் சேதியைத் தடுக்கும் பொருள் மருந்தாகுமே? ஆனது. விஸ்மோடெகிப் என்ற மருந்துக்கு 2012இல் அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு ஒப்புதல் தந்தது. கருவில் இருக்கும் குழந்தைக்குக் கடுமையான கேடு வரும் என்ற எச்சரிக்கை அதன் பெட்டியிலேயே இருக்கிறது. ஆட்டுக்குட்டிகளின் கதை தெரிந்தவருக்கு அதில் வியப்பில்லை.

1980இல் ஈப்புழுவின் தோலில் முட்களை எண்ணியவர்கள் தோல் புற்றுநோயைத் தேடவில்லை. தேடியிருந்தால் அந்த வழியாகப் போயிருக்கவும் மாட்டார்கள்.

## மறுபடியும் அந்தப் புழு

உருளைப்புழுவை ஆய்வுக்குக் கொண்டுவந்தவர் சிட்னி பிரென்னர். அவரோடு வேலை செய்த ஜான் சல்ஸ்டனும் கூட்டாளிகளும் ஒற்றைச் செல்லிலிருந்து வளர்ந்த புழுவரை ஒவ்வொரு செல்லின் பிறப்பையும் கண்ணால் பார்த்தே குறித்துவைத்தார்கள். பிறப்பது 1,090 செல்கள், மிஞ்சுவது 959. மீதி 131 இறக்கின்றன. எல்லாப் புழுவிலும் அதே 131. தற்செயலாக நடக்கும் சாவு இப்படி இருக்காது. ராபர்ட் ஹார்விட்ஸ் இந்தச் சாவை நடத்தும் மரபணுக்களைப் பிடித்தார். சாக வேண்டாம் என்று செல்லைக் காப்பாற்றும் புழு மரபணுவுக்கு மனித இணை பிசிஎல்2. சில ரத்தப் புற்றுநோய்களில் மிகையாக வேலை செய்வது. மனித பிசிஎல்2வைப் புழுவுக்குள் வைத்தால் அங்கேயும் செல்களைச் சாகாமல் காக்கிறது. இந்தப் புரதத்தைத் தடுக்கும் வெனடோகிளாக்ஸ் 2016இல் மருந்தாக வந்தது.

ஆம்ப்ரோஸும் ரவ்குனும் பார்த்தது வேறு கேள்வி. 'எங்கே' என்பதை ஈ சொல்லிவிட்டது, 'எப்போது' என்பதை யார் சொல்வது? லின்-4 என்ற மரபணு கெட்ட புழு, முதல் இளம்பருவத்தில் செய்த செல் பிரிவுகளையே திரும்பத் திரும்பச் செய்கிறது. லின்-14 கெட்டால் நேர் எதிர்; முதல் பருவத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறது. லின்-4 எந்தப் புரதத்தையும் உருவாக்கவில்லை என்பது 1993இல் வந்த அதிர்ச்சி. 22 எழுத்து நீளமுள்ள சிறு ஆர்என்ஏவை மட்டும் உருவாக்கி, அது லின்-14இன் செய்தி ஆர்என்ஏவோடு ஒட்டிக்கொண்டு புரதம் உருவாவதைத் தடுக்கிறது.

ஏழு ஆண்டுகள் இதைப் புழுவின் வினோதம் என்றே உலகம் விட்டுவிட்டது. 2000இல் ரவ்குன் குழு இன்னொரு குறு ஆர்என்ஏவைக் கண்டது. லெட்-7 என்ற அது, ஈ, மீன், மனிதன் என்று பல விலங்குகளில் எழுத்துக்கூட மாறாமல் இருந்தது. மனிதனில் இத்தகைய குறு ஆர்என்ஏ மரபணுக்கள் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. நோபல் குழு பரிசளித்தது மரபணுக்களை அடக்கும் இந்தப் புதிய முறைக்குத்தான். புழு அதைக் காட்டிக்கொடுத்த இடம்.

## மரபணு அதேதான், விசை வேறு

பாகங்கள் ஒன்று என்றால் ஈ ஈயாகவும் பாம்பு பாம்பாகவும் இருப்பது எதனால்? பெரும்பகுதி விடை விசைப்பகுதிகளில் இருக்கிறது. மரபணுவுக்கு வெளியே இருந்துகொண்டு 'இந்த உறுப்பில் இயங்கு' என்று சொல்லும் டிஎன்ஏ துண்டுகள் இவை.

சோனிக் ஹெட்ஜ்ஹாக்குக்குக் கை கால்களில் இயங்கச் சொல்லும் விசை, மரபணுவிலிருந்து சுமார் 10 லட்சம் எழுத்துகள் தள்ளி, வேறொரு மரபணுவின் நடுவே இருக்கிறது. அதில் ஒரே ஓர் எழுத்து மாறினால்கூட மனிதருக்குக் கூடுதல் விரல் வரலாம். சில பூனைகளுக்கு ஆறு விரல் வருவதும் இதனால்தான். சுண்டெலியில் இந்த விசையை மட்டும் நீக்கினால் கை கால்கள் குறுகிப்போகின்றன. மூளைக்கும் முகத்துக்கும் ஒன்றும் ஆவதில்லை. மரபணுவையே கெடுத்தபோது எல்லாம் கெட்டதே, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

2016இல் ஒரு குழு சுண்டெலியின் இந்த விசையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பாம்பின் விசையை வைத்தது. கால்கள் சரியாக வளரவில்லை. பாம்பு இழந்திருந்த 17 எழுத்துகளைத் திருப்பிச் சேர்த்தபோது கால் வந்தது. கெட்டால் உயிருக்கே ஆபத்தாகும் மரபணுவைப் பரிணாமம் தொடாமல் காலை மட்டும் கழற்றியது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து குறைவு.

## எங்கே சறுக்கும்?

மாதிரி உயிரிகளைப் பற்றிய பெருமிதத்தில் விட்டுப்போவது இந்தப் பகுதிதான்.

1. வசதிக்காகத் தேர்ந்தது, பொதுமைக்காக இல்லை. மேலே பெருமையாகச் சொன்ன பைகாய்டு, ஈக்களின் ஒரு கிளைக்குள் மட்டும் இருக்கும் சரக்கு. வண்டுக்குக்கூட அது கிடையாது. ஒரே ஒரு பூச்சியை மட்டும் ஆராய்ந்திருந்தால் அதை எல்லா விலங்குக்கும் பொது என்று எழுதிவைத்திருப்போம். சுண்டெலிக் கரு ஆரம்பத்தில் கிண்ணம்போல் வளைந்திருக்கும், மனிதக் கரு தட்டையான வட்டு.

2. மருந்து விஷயத்தில் ஒரு எழுத்துகூடக் காட்டிக்கொடுக்கும். தாலிடோமைட் 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. 1961 முடிவில் அங்கே திரும்பப் பெறப்பட்டது. உலகெங்கும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் அதனால் கை கால் குறை போன்ற குறைகளோடு பிறந்தார்கள். இதே மருந்தைச் சுண்டெலிக்குக் கொடுத்தால் குட்டிகளுக்கு அந்தக் குறை வருவதில்லை. முயலுக்குக் கொடுத்தால் வருகிறது. காரணம் 2018இல்தான் தெரிந்தது. மனிதச் செல்லில் இந்த மருந்து, கை கால் வளர்ச்சிக்குத் தேவையான சால்4 என்ற புரதத்தை அழிக்கவைக்கிறது. சுண்டெலியின் புரதங்களில் உள்ள சிறு வேறுபாட்டால் அங்கே அந்த அழிவு நடப்பதில்லை. சால்4இன் வேலை இரண்டுக்கும் பொது. மருந்து பிடித்துக்கொள்ளும் இடம் பொது இல்லை.

3. கெடுத்தும் ஒன்றும் ஆகாவிட்டால்? ஃப்யூஸைப் பிடுங்கியும் விளக்கு எரிந்தால் அந்த ஃப்யூஸுக்கு வேலையில்லை என்று முடிவுகட்ட முடியாது. ஹாக்ஸ் பத்தில் பார்த்தபடி இணைப்பிரதிகள் ஈடுகட்டலாம். வரிக்குதிரை மீனில் இன்னொரு விசித்திரம் 2015இல் வெளிப்பட்டது. ஒரு மரபணுவின் செய்தியைத் தற்காலிகமாகத் தடுத்தால் ரத்தக்குழாய்கள் கெட்டன. அதே மரபணுவை நிரந்தரமாகக் கெடுத்தால் மீன் நன்றாக இருந்தது. நிரந்தரமாகக் கெட்டபோது உறவு மரபணுக்கள் முடுக்கிவிடப்பட்டு ஈடுகட்டின.

மூன்றாவது சிக்கல் ஆய்வாளர்களுக்குத் தலைவலி. ஆனால் வளர்ச்சி எவ்வளவு உறுதியாகத் தன்னைக் காத்துக்கொள்கிறது என்பதற்கும் அதுவே சான்று.

## இப்போது போக்குவரத்து எதிர்த்திசையிலும்

2012இல் வந்த கிரிஸ்பர் முறையால், மரபணுவைக் குறிவைத்து மாற்ற மாதிரி உயிரியாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் தளர்ந்துவிட்டது. வெட்டிய காலைத் திரும்ப முளைக்கவைக்கும் ஆக்சலோட்டல் என்ற சாலமண்டரின் (பல்லி போன்ற தோற்றமுள்ள, தவளைக்கு உறவான விலங்கு) மரபணுத்தொகுதி 2018இல் வெளியானது. நம்முடையதைப்போலப் பத்து மடங்கு, 3,200 கோடி எழுத்துகள். முன்பு ஆராயவே முடியாமல் இருந்த கேள்விகள் அங்கே இப்போது கேட்கப்படுகின்றன.

ஈ ஓய்வு பெறவில்லை. முன்பு ஈயில் கண்டதை மனிதனில் தேடினார்கள். இப்போது மருத்துவமனையிலிருந்து கேள்வி ஈயிடம் வருகிறது. பெயரே இல்லாத அரிய குறையோடு ஒரு குழந்தை பிறக்கிறது. அதன் டிஎன்ஏவை முழுவதும் படித்தால் சந்தேகத்துக்குரிய எழுத்து மாற்றங்கள் பல கிடைக்கின்றன. குற்றவாளி எது? அமெரிக்காவில் இத்தகைய நோயாளிகளுக்கான கூட்டமைப்பில் இதற்கென்றே மாதிரி உயிரிச் சோதனை மையங்களை அமைத்தார்கள். அங்கே செய்வது எளிய ஒப்பீடு. ஈயின் சொந்த மரபணுவை நீக்கிவிட்டு ஒரு கூட்டத்துக்கு நலமான மனிதப் பிரதியையும், இன்னொரு கூட்டத்துக்குக் குழந்தையிடம் கண்ட பிரதியையும் கொடுக்கிறார்கள். முதல் கூட்டம் பிழைத்து இரண்டாவது பிழைக்காவிட்டால், பட்டியலில் அந்த எழுத்தின் மீது சந்தேகம் வலுக்கிறது. பத்து நாளில் அடுத்த தலைமுறை வந்துவிடும், மறுபடி சரிபார்க்கலாம்.